பின்னோக்கி வந்த கப்பல்

என் அத்தான் பிலிப்புவுக்கு வள்ளத்தைக் கண்டாலே வயிற்றைப் புரட்டும். மன்னார்ப் பள்ளிமுனையில் பிறந்தவர். வாசலில் நின்று துப்பினால் கடலில் விழுகிற வீட்டில் வளர்ந்தவர். ஆனாலும் எங்கள் பக்கத்தில் ஒருநாளும் தொழிலுக்குக் கடலில் இறங்காத ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான். மற்றவர்கள் கிழிந்த வலை பொத்துவார்கள், இவர் சட்டைக்குப் பொத்தான் கட்டுவார். தையற்காரர். மீன்காரர் நடுவே ஒரு தையற்காரன் இருந்தால் சனம் சும்மா விடுமா? என் மனிதர் சிங்கராசா அவரைக் காணும்போதெல்லாம், "என்ன பிலிப்பண்ணை, இண்டைக்குக் காத்து எப்பிடி?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அத்தானும் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்ல காத்து. மூண்டு பாயும் விரிக்கலாம்" என்பார். வேடிக்கைக்குச் சொல்வதில்லை. உண்மையாகவே யோசித்துத்தான் சொல்லுவார்.

அதுதான் அவருடைய பைத்தியம். பாய்க்கப்பல் படம், பாய்க்கப்பல் கதை. இயந்திரம் பூட்டிய கப்பலென்றால் முகத்தைச் சுளிப்பார். துணியும் கயிறும் மரமுமாக இருக்கவேண்டும். வெள்ளைக்காரர் தலையில் பொய்முடி வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பீரங்கியால் சுடவேண்டும். புழு விழுந்த பிஸ்கட்டைத் தட்டித் தட்டித் தின்னவேண்டும். காற்றில்லாமல் கப்பல் நடுக்கடலில் நாள்கணக்காக நிற்கவேண்டும். நிற்கிற கப்பலைப் பார்ப்பதில் என்ன சுவை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவருக்கோ அந்த இடம் வந்தால் சோறு தண்ணி வேண்டாம்.

நான் றோஸ்மேரி. அத்தானின் மனைவி பெற்றிசியா என் சொந்த அக்கா. அக்கா இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் சிறுநீரக வருத்தத்தில் கிடந்து செத்துப்போனாள். மகள் டிலானி அங்கேயே கலியாணம் முடித்துத் திருச்சிப் பக்கம் போய்விட்டாள். சண்டை முடிந்து இரண்டு வருடத்தில் அத்தான் தனியாக ஊருக்குத் திரும்பினார். கடலுக்குப் பயந்த மனிதருக்கு ஐக்கிய நாடுகள் சபைக்காரர் விமானச் சீட்டுக் கொடுத்தார்கள். "போகேக்க வள்ளத்தில வயிறு புரட்டிச் சத்தியெடுத்துக்கொண்டு போனனான், வரேக்க சொக்லேற் தந்தவங்கள்" என்று வந்த அன்றே சொன்னார். எங்கள் வளவுக்கு அடுத்ததுதான் அவருடைய காணி. தகரம் போட்டு ஒரு அறை எழுப்பிக்கொண்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலி, அவ்வளவுதான். அதனால் அந்த வீட்டில் ஒரு கரண்டி விழுந்தாலும் எனக்குக் கேட்கும்.

தையல் வேலை முடிந்து வந்து மத்தியானச் சோறு தின்றதும் படம் போடுவார். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. படம் ஓடுகிறது என்று வெளிச்சத்தில் தெரிகிறது, ஆனால் படத்தின் சத்தம் இல்லை. அத்தானின் சத்தம்தான் கேட்கிறது. "இப்ப கப்டன் சொல்லுறான், பிரெஞ்சுக்காரன் கிட்ட வரட்டும், அவசரப்படாதேங்கோ எண்டு. மற்றவன் சொல்லுறான், ஐயா, எங்களிட்ட வெடிமருந்து குறைவு." இப்படியே ஒரு ஆள் எல்லாருக்குமாகப் பேசிக்கொண்டு போகிறார். யாரும் வந்திருக்கிறார்களோ என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ஒருவருமில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தை முழுக்க அடக்கி வைத்துவிட்டு மனிதர் வெறும் அறைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏன் அத்தான் சத்தத்தைக் குறைச்சு வைச்சிருக்கிறியள்? தமிழ்க் குரல் போட்ட படந்தானே, தமிழிலதானே பேசுறாங்கள்" என்று கேட்டேன்.

"அவங்களுக்குக் கதை தெரியாது றோஸ்" என்றார். "வாயில வந்ததைப் பேசுறாங்கள். படம் எண்டால் ஒராள் இருந்து சொல்லவேணும். சனூன் சொல்லுறமாதிரி."

சனூனைப் பற்றிச் சொல்லாமல் அத்தானைப் பற்றிச் சொல்ல முடியாது.

எண்பதுகளில் மன்னார்க் கடைத்தெருவில் சனூன் ஒரு வீடியோக்கடை வைத்திருந்தான். கசெற் போட்டு ஓட்டுகிற டெக், கலர் ரீவி, கொப்பி என்று நாங்கள் சொல்லுகிற படக் கசெற்றுகள் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பான். சொந்த இடம் முசலிப் பக்கம், குடியிருந்தது உப்புக்குளத்தில். அந்தக் கடை விறாந்தையில்தான் அத்தானின் தையல் மெசின் இருந்தது. ஒரே வயது இரண்டு பேருக்கும். மத்தியானத்தில் கடைத்தெரு அடங்கிப்போகும். அப்போது சனூன், வாடகைக்கு எவரும் எடுக்காத இங்கிலீசுக் கொப்பிகளை எடுத்துப் போடுவான். அத்தானுக்கு ஒரு சொல் இங்கிலீசு தெரியாது. சனூன் டெக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொருவரும் என்ன பேசுகிறார்கள் என்று அந்தந்த இடத்திலேயே தமிழில் சொல்லுவான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இங்கிலீசுப் படம் பார்ப்பதென்றால் அப்படித்தான். படத்தில் ஒரு கண், சொல்லுகிறவன் வாயில் ஒரு காது. நல்லாய்ச் சொல்லுகிற ஆளுக்குத் தனி மதிப்பு. சனூன் நல்லாய்ச் சொல்லுவானாம். பெண்பிள்ளை பேசினால் குரலை மாற்றுவானாம், செத்துப்போகிறவனுக்கு மூச்சு வாங்குவானாம்.

அந்தப் படங்களில் ஒன்றுதான் அத்தானின் மனதில் ஆணி அடித்தமாதிரி இருந்துவிட்டது. அதை அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. எனக்கே மனப்பாடம். ஒரு போர்க்கப்பல். அதில் பாய் தைக்கிறவன் ஒருவன். கிழவன், நரைத்த தாடி, உள்ளங்கையில் தோல் கட்டிக்கொண்டு பெரிய ஊசியால் தைப்பான். அவன் தைக்கிற முறையைப் பார்த்ததும் அத்தான் கதிரையை விட்டு எழும்பிவிட்டாராம். "எங்கட தையல்தான் றோஸ். அதே தையல். கப்பலில கப்டன் இல்லாட்டியும் போகலாம், தையற்காரன் இல்லாமல் போகேலாது." மீன்காரர் நடுவே வாழ்நாள் முழுக்கப் பகிடி வாங்கிய மனிதருக்கு, கடலில் ஒரு தையற்காரனுக்கு வேலை இருக்கிறது என்று கண்டதே பெரிய விஷயம். நான் அதைப் பிழை சொல்ல மாட்டேன்.

கதையின் முக்கியமான இடம் இதுதான். பெரும் காற்றில், எதிரி துரத்திக்கொண்டு வரும்போது, அந்தத் தையற்காரன் பாய்மரத்தில் ஏறிக் கிழிந்த பாயைப் பிடிக்கப்போய்த் தவறிக் கடலில் விழுந்துவிடுகிறான். கப்பல் அவனை விட்டுப் போகிறது. தூரத்தில் அவன் கை மட்டும் தெரிகிறது. அப்போது கப்டன், "திருப்புங்கோடா, எங்கட தையற்காரன் இல்லாமல் நான் போகமாட்டன்" என்கிறான். உடனே மழை கொட்டத் தொடங்குகிறது. அந்த மழைக்குள் கப்பல் அப்படியே பின்னோக்கி வருகிறது. முகப்பைத் திருப்பாமல், பின்பக்கமாகவே வருகிறது. கயிறு போட்டு ஒரே இழுவையில் இழுக்க, தண்ணீருக்குள்ளிருந்து தையற்காரன் பறந்து வந்து கப்பலில் நிற்கிறான்.

இந்த இடத்துக்கு வந்தால் சிங்கராசாவால் பொறுக்கமுடியாது. "பிலிப்பண்ணை, நான் மீசை முளைக்க முதலே கடலுக்குப் போனவன். பாயில ஓடுற ஒண்டு பின்னுக்கு வராது. அந்தோனியார் இறங்கி வந்து தள்ளினாலும் வராது."

"நீ சின்ன வத்தையில போனனி. நான் சொல்லுறது போர்க்கப்பல். அதுக்கெண்டு ஒரு வித்தை இருக்கு. பாயைக் காத்துக்கு எதிராக் குத்தவேணும்."

"குத்தினால் பாய்மரம் முறியும்."

"முறியேல்லையே. நான் ரெண்டு கண்ணாலயும் கண்டனான்."

தொண்ணூறாம் ஆண்டு ஆடி மாதத்தில், சண்டை திரும்ப மூண்டதும், அத்தானும் அக்காவும் கைப்பிள்ளை டிலானியும் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினார்கள். நான் சிங்கராசாவோடு மடுவுக்குப் போய் மாதா கோயில் வளவில் அகதியாய்க் கிடந்தேன். அத்தான் போகும் வழியெல்லாம் சத்தியெடுத்ததாகவும், அக்காதான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். சனூனிடம் போய்ச் சொல்லக்கூட நேரமிருக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஐப்பசியில் மன்னாரிலிருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் வெளியேறச் சொன்னார்கள். சொன்னவர்கள் ஆயுதம் தூக்கிய எங்கள் பெடியள்தான், எங்கள் மொழியில்தான் சொன்னார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாகவும் கோபமாகவும் வரும். கடைத்தெரு ஒரு கிழமையில் பாதியாகிவிட்டது. சனூன் புத்தளத்துக் கற்பிட்டிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

முகாமில் அத்தான் பழைய பேப்பர்க் கடைகளைத் தோண்டித் தோண்டி, அட்டை கிழிந்த கப்பல் நாவல்களை எடுத்து வருவாராம். வெள்ளைக்காரர் எழுதியதைத் தமிழாக்கியவை. நடுவில் பக்கம் இல்லையென்றால் அந்த இடத்தைத் தானே யோசித்து நிரப்பிக்கொள்வார். ஆனால் கதையை ஒருவருக்குச் சொன்னால்தான் அவருக்குத் தின்றது செமிக்கும். அக்கா கேட்டாள். உலை வைத்துக்கொண்டும், துணி துவைத்துக்கொண்டும், கடைசியில் பாயில் படுத்துக்கொண்டும் கேட்டாள். அந்தப் பின்னோக்கி வந்த கப்பலின் கதையைச் சாவதற்கு முதல் கிழமையும் கேட்டாளாம். அவளும் போனபிறகு கேட்க ஆளில்லை. டிலானி தொலைபேசியில், "அப்பா, கப்பலை விட்டிட்டு நேரத்துக்குச் சாப்பிடுங்கோ" என்பாள். நல்ல பிள்ளைதான், அவளுக்கு அவளுடைய பாடு.

ஏன் திரும்பி வந்தீர்கள், மகளோடு இருந்திருக்கலாமே என்று நான் கேட்டபோது அத்தான் ஒளிக்காமல் சொன்னார். "சனூனும் திரும்பி வருவான் எண்டு நினைச்சன். ரெண்டு பேரும் இருந்து படம் பார்க்கலாமெண்டு." எனக்குச் சிரிப்பு வந்தது. காணிக்காக வந்தவர்களைக் கண்டிருக்கிறேன், வீட்டுத்திட்டத்துக்காக வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். படம் பார்க்கக் கூட்டாளி தேடி வந்தவர் இவர் ஒருவர்தான்.

பழைய வீடியோக்கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். அத்தான் அதற்கு எதிரே ஒரு புடைவைக்கடை விறாந்தையில் மெசினைப் போட்டார். புத்தளத்திலிருந்து திரும்பி வருகிற ஒவ்வொரு முஸ்லிம் ஆளையும் மறித்து, "வீடியோக்கடைச் சனூனைக் கண்டியளோ?" என்று கேட்பார். சிலருக்குத் தெரியாது. சிலர், "அங்கதான் இருக்கிறார், சுகம்" என்பார்கள். அவர் திரும்ப மெசினுக்குப் போய்விடுவார். மத்தியானத்தில் வந்து சத்தத்தை அடக்கிவிட்டுத் தனக்குத்தானே கதை சொல்லுவார். வேலிக்கு இந்தப் பக்கம் கருவாடு காயப்போட்டுக்கொண்டு நான் கேட்பேன். சில நாள் எரிச்சலில் சட்டியை டமாரென்று வைப்பேன். அவருக்கு அதெல்லாம் விளங்காது.

ஒருநாள் அத்தான் ஓட்டமும் நடையுமாக வந்தார். அந்தப் படம் கிடைத்துவிட்டது. ஒரே டிவிடித் தட்டில் பல படங்கள் போட்டு விற்கிறார்களே, அப்படி ஒன்றில் அது இருந்தது, தமிழ்க் குரல் போட்டு. என்னையும் சிங்கராசாவையும் இழுத்துக்கொண்டு போய் இருத்தினார். "இண்டைக்குப் பார், கப்பல் பின்னுக்கு வருதோ இல்லையோ எண்டு." அன்றைக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டியே வைத்தார்.

தையற்காரன் வந்தான். தைத்தான். பாய்மரத்தில் ஏறினான். விழுந்தான். கை தெரிந்தது. அத்தான் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். கப்டன் ஒருகணம் கடலைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போகலாம்" என்றான். அடுத்த காட்சியில் அவர்கள் மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். மழையுமில்லை, கயிறுமில்லை.

சிங்கராசா வாய்விட்டுச் சிரித்தார். நான் அவர் தொடையில் கிள்ளினேன்.

"வெட்டிப்போட்டாங்கள்" என்றார் அத்தான். "மடையன்கள், நல்ல இடத்தை வெட்டிப்போட்டாங்கள்." மறுநாள் வேறு கடையில் வேறு தட்டு வாங்கினார். அதிலும் இல்லை. கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லி இன்னொன்று எடுப்பித்தார். எல்லாவற்றிலும் கப்பல் போய்க்கொண்டே இருந்தது. அவர் ஒருநாளும் தன் கண்ணையோ சனூனையோ சந்தேகிக்கவில்லை. "இதைச் சனூனிட்டக் கேட்டால் தெரியும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வருடக் கடைசியில் சட்டை தைக்கக் கொடுக்க வந்த ஸுஹறா என்ற பெண்தான் செய்தி சொன்னாள். சனூன் வந்துவிட்டாராம். முசலியில், சிலாவத்துறைக்கு அங்கால், தகப்பனின் பழைய காணியில், காட்டை வெட்டித் தகரக்கொட்டில் போட்டிருக்கிறாராம். அத்தான் அன்றைக்கு மெசினை நேரத்தோடு மூடிவிட்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அக்காவின் கலியாணத்தன்று கண்டதோடு சரி.

"நீயும் வா றோஸ். வீட்டில அவன்ர மனுசி மட்டும் இருந்தால் நான் தனிய நிக்கிறது சரியில்லை" என்றார். கூடவே, புறப்படுவதற்குள் ஒரு வெள்ளைச் சட்டை தைத்துவிட்டார். சனூனின் அளவு அவருக்கு மறக்கவில்லையாம்.

பஸ் பாலம் தாண்டி, நானாட்டான் வயல்களைக் கடந்து, பற்றைக்காட்டுக்குள் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அத்தான் அந்தப் படத்தட்டைக் கடதாசியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். வழியெல்லாம் ஏற்பாடுதான். சனூன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். மத்தியானம் எங்கள் வீட்டில் மீன்சோறு. பிறகு சத்தத்தை அடக்கிவிட்டு அவன் சொல்லுவான், இவர் கேட்பார். "நான் கனக்கச் சொல்லிப்போட்டன் றோஸ். இனி ஒருக்கா இருந்து கேக்கவேணும்" என்றார். கடவுளே, இந்த மனிதனுக்கு இதையாவது கொடு என்று நான் மடுமாதாவிடம் நேர்ந்துகொண்டேன்.

சனூன் வாசலில் நின்று வேலிக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். தாடி வெள்ளை, ஆள் மெலிந்து உலர்ந்துபோயிருந்தார். அத்தானைக் கண்டதும் கம்பியைப் போட்டுவிட்டு, "யா அல்லாஹ், பிலிப்பு!" என்று வந்து கட்டிக்கொண்டார். இரண்டு கிழவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஒருவர் முதுகில் மற்றவர் அடித்துக்கொண்டார்கள். மனைவி ஆமினா பாய் விரித்து, பேரீச்சம்பழமும் தேத்தண்ணியும் கொண்டுவந்தார். சனூன் அந்த இடத்திலேயே புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்தார். தோள் இரண்டும் தொங்கியது.

"மெலிஞ்சு போனாயடா" என்றார் அத்தான்.

"நீ பழைய ஆளுக்குத் தைச்சிருக்கிறாய் மச்சான்" என்று சனூன் சிரித்தார். கழற்றவில்லை.

எங்கள் அக்காவின் சாவைச் சொன்னோம். அவர்கள் புத்தளத்து முகாம் வாழ்க்கையைச் சொன்னார்கள். தேத்தண்ணி முடிய அத்தான் கடதாசியைப் பிரித்துத் தட்டை எடுத்தார். தையற்காரன் விழுகிற படம், கப்பல் பின்னோக்கி வருகிற இடத்தை வெட்டிவிட்டார்கள், முழுப்படம் எங்கே எடுக்கலாம் என்று கேட்டார்.

சனூனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அட மச்சான், அதை நீ இன்னும் நம்பிக்கொண்டோ இருக்கிறாய்? அப்பிடி ஒரு இடம் படத்தில இல்லை. டெக்கில பின்னுக்கு இழுக்கிற பட்டன் இருந்ததே, ஞாபகமில்லையா? அதை அமத்தினனான். படம் பின்னுக்கு ஓடினது. கப்பலும் பின்னுக்கு வந்தது."

"அப்ப மழை?"

"மழையோ? கொப்பி பின்னுக்கு ஓடேக்க படத்தில வெள்ளைக் கோடு விழும்."

"அவன் பறந்து ஏறினது?"

"விழுந்ததைப் பின்னுக்கு ஓட்டினால் ஏறத்தானே வேணும்!"

அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கப்டன் சொன்னது? தையற்காரன் இல்லாமல் போகமாட்டன் எண்டு?"

"எனக்கு எங்க மச்சான் இங்கிலீசு தெரியும்? எல்லாம் நானாச் சொன்னதுதான். முகத்தைப் பார்த்து, கையைப் பார்த்துச் சொன்னது." சனூன் சிரிப்பை நிறுத்திவிட்டு அத்தானின் முழங்காலில் கையை வைத்தார். "நீ கழுத்தில அளவுநாடாவோட இருந்து பார்த்தனி. விழுந்தவனும் தையற்காரன். உனக்குக் கண் கலங்கினதைக் கண்டன். அவனை விட்டிட்டுப் போக எனக்கு மனம் வரேல்லை, திருப்பினன்."

கோபிப்பாரோ என்று நான் பயந்தேன். அத்தானும் சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வரச் சிரித்தார். "சிங்கராசா சொன்னது சரியாப் போச்சே! கள்ளன், முழுச் சனத்துக்கும் முன்னால என்னை மடையனாக்கிப் போட்டாய். எனக்கு உன்ர கதைதான் வேணும். ஞாயிற்றுக்கிழமை வா. நீ இப்பவும் சொல்லவேணும், நான் கேக்கவேணும்."

சனூன் கையை எடுத்துக்கொண்டார். "நான் இப்ப படம் பார்க்கிறேல்ல மச்சான்."

"மார்க்கத்துக்காகவா? கப்பல் படம்தானே."

"மார்க்கத்துக்காக இல்லை." தூரத்தில் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அவர் அத்தான் தைத்த சட்டையோடு எழும்பி, முகம் கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

ஆமினா கோப்பைகளை அடுக்கினார். அடுக்கியவர் அங்கேயே இருந்துவிட்டார். "அண்ணன், அவரை வற்புறுத்தாதீங்க" என்றார். "உங்களுக்குத் தெரியாது. நாங்க மன்னாரை விட்டுக் கற்பிட்டிக்குப் போனது வள்ளத்தில. ஐப்பசிக் கடல். ஆள் நிறைஞ்சுபோச்சு. பெண்டுகளுக்கு இடம் விட்டிட்டு இவரோட தம்பி றம்ஸீன் விளிம்பில இருந்து வந்தார். ஒரு அலை தூக்கிப் போட்டிட்டுது. விழுந்தவருக்கு நீந்தத் தெரியும். கை தெரிஞ்சது. கூப்பிட்டதும் கேட்டது."

அவர் அடுக்கிய கோப்பையொன்றை எடுத்துத் திரும்ப வைத்தார்.

"வள்ளத்து ஓட்டி இவரைத்தான் கேட்டான். உங்கட தம்பி, நீங்க சொல்லுங்க, திருப்பவா எண்டு. திருப்பினால் அலை பக்கத்தால அடிக்கும், வள்ளம் கவிழும், உள்ளுக்கு முழுக்கப் பிள்ளையள். இவர் எங்களை எல்லாம் ஒருக்காப் பார்த்தார். பார்த்திட்டு, போ எண்டார்."

அத்தான் கையிலிருந்த தட்டைத் திரும்பக் கடதாசியில் சுற்றினார். சுற்றியதைப் பிரித்துத் திரும்பவும் சுற்றினார். எனக்கு ஆமினாவின் கையைப் பிடிக்கத் தோன்றியது, பிடித்துக்கொண்டேன். அவர்களைக் கடலில் இறக்கிவிட்டது யார் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. அதை ஆமினா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும்.

தொழுதுவிட்டு வந்த சனூன் எங்கள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். பஸ் நிற்கிற இடம்வரை எங்களோடு நடந்து வந்தார். பற்றைகளை வெட்டி எரித்த மணம் வந்துகொண்டிருந்தது. சந்தியில் நின்றபோது அவர்தான் பேசினார்.

"பிலிப்பு, அந்தக் கதையை முகாமிலயும் சொன்னனியா?"

"ஓம்."

"திரும்பி வந்ததாத்தான் சொன்னனியா?"

"ஓம். எல்லாருக்கும்."

சனூன் தலையைக் குனிந்துகொண்டார். "இனிச் சொல்லாத மச்சான்" என்றார். கட்டளையாகச் சொல்லவில்லை. கெஞ்சினார்.

அத்தான் தலையை ஆட்டினார். பஸ் வந்தது. வரும் வழியில் நானாட்டானில் யாரோ கோழிக்கூட்டோடு ஏறினார்கள், கண்டக்டர் அவர்களோடு சண்டை பிடித்தான். அத்தான் யன்னல் பக்கம் பார்த்தபடியே இருந்தார். "அவன் பாவம் றோஸ்" என்று பாலத்தடியில் ஒருமுறை சொன்னார்.

அதற்குப் பிறகும் அத்தான் படம் பார்ப்பதை விடவில்லை. அதே மத்தியானம், அதே கப்பல்கள். ஆனால் வேலிக்கு அப்பாலிருந்து வருவது இப்போது தட்டில் இருக்கிற குரல்தான். சென்னையில் யாரோ கூலிக்குப் பேசிய குரல், எல்லாக் கப்டனுக்கும் ஒரே தொண்டை. அத்தானின் சத்தம் இல்லை. எரிச்சலில் சட்டியை டமாரென்று வைத்த நான், கருவாட்டைப் போட்டுவிட்டுக் காது கொடுத்துக்கொண்டு நிற்பேன். அவர் குரல் மட்டும் கேட்காது. சனூன் ஒருநாளும் வரவில்லை. அத்தானும் அங்கே போகவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் அந்தக் கதை நடுவில் வந்து நிற்கும் என்று இருவருக்கும் தெரியும்போல.

ஒருநாள் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வேலிப் படலையைத் திறந்து அத்தான் வீட்டுக்குப் போனேன். கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்தேன். எனக்குக் கப்பலும் வேண்டாம், பீரங்கியும் வேண்டாம். இந்த மனிதன் வாயைத் திறந்தால் போதும் என்றிருந்தது. காற்று விழுந்துபோய் ஒரு கப்பல் நடுக்கடலில் நின்றுகொண்டிருந்தது. நான் கையை நீட்டிச் சத்தத்தை அடக்கினேன்.

"அத்தான், எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்."

அவர் என்னைப் பார்த்தார். அன்பாகத்தான் பார்த்தார். பிறகு சத்தத்தைப் பழையபடி கூட்டினார்.

"அவங்கள் சொல்லுறாங்கள்தானே றோஸ்" என்றார். "சரியாத்தான் சொல்லுறாங்கள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது. படம் முடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. நான் எழும்பி வந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.